நடுக்கடல் பின்னதிர்வும் அப்புத்தளைச் சரிவும்

இந்தியப் பெருங்கடலின் நடுவே 5 அளவில் ஒரு பின்னதிர்வு என்று கைபேசியில் செய்தி விழுந்ததும், அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் இரண்டு கேள்விகள் எழும். சுனாமி வருமா? மலை சரியுமா? கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கும் அப்புத்தளைக்குச் சுனாமி எதற்கு என்று கேட்கலாம். கொழும்பிலும் காலியிலும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கும் தோட்டக் குடும்பங்களுக்கு அது அந்நியமான கேள்வி அல்ல. இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்பதுதான். ஏன் என்று விளங்கிக்கொள்ள 2012 ஏப்ரல் 11ஐ எடுத்துக்கொள்வோம்.

அன்று பிற்பகல் 2.08க்கு, சுமாத்திராவுக்கு மேற்கே, அப்புத்தளையிலிருந்து சுமார் 1,400 கிலோமீற்றர் தொலைவில் கடலடி 8.6 அளவில் அதிர்ந்தது. இலங்கையிலும் அதிர்வு உணரப்பட்டது. கரையோர மக்கள் மேட்டு நிலங்களுக்கு ஓடினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே கடற்பரப்பில் 8.2 அளவில் ஒரு பின்னதிர்வு. இத்தனைக்கும் சுமாத்திராக் கரையிலேயே அலை ஒரு மீற்றர் அளவில்தான் எழுந்தது. 2004 சுனாமிக்குக் காரணமான அதிர்வில் இந்தியத் தட்டு சுமாத்திராவுக்கு அடியில் நுழையும் விளிம்பு கிழிந்து கடல்தரை மேலே எகிறியது. அதன் மேல் நின்ற தண்ணீர் முழுவதும் தூக்கப்பட்டது. 2012இல் உடைந்தது அந்த விளிம்பு அல்ல, தட்டின் உட்பகுதி. பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் தண்ணீர் பெரிதாக உயர வழியில்லை. ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும் பல பிளவுகள் மூன்று நிமிடங்களுக்குள் அடுத்தடுத்து உடைந்தன என்ற விவரத்தை ஆய்வாளர்கள் உறுதி செய்ய உதவியவற்றுள், பின்னதிர்வுகள் எங்கெங்கே விழுந்தன என்ற வரைபடமும் ஒன்று. மனித நடமாட்டமே இல்லாத கடலில் நிகழும் நடுத்தர அதிர்வைப் பதிவு செய்து அறிவிப்பதன் பயன் பெரும்பாலும் இதுதான்: முன்பு உடைந்த பாறை எப்படி அடங்குகிறது என்று அது காட்டுகிறது. அடங்கும் வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நாட்கள் போகப் போகப் பின்னதிர்வுகளின் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்பதை ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் ஒமோரி 1894இலேயே எழுதிவிட்டார்.

அளவு எண்கள்தான் நம்மை ஏமாற்றுகின்றன. 5க்கும் 9க்கும் இடையே நான்கு படிதானே என்று தோன்றும். ஒரு படி ஏறினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு. நான்கு படிக்கு அது பத்து லட்சம் மடங்கு. கடல்தரையைக் குறிப்பிடும்படி அசைக்கும் வலு 5 அளவுக்குக் கிடையாது. 1,400 கிலோமீற்றர் கடந்து வரும் அந்த அதிர்வைப் பல்லேகலையில் உள்ள நிலநடுக்கமானி பதியும். அப்புத்தளையில் கோப்பையில் இருக்கும் பிளேன்டீகூட அசையாது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை வெறும் பயமும் அல்ல. 8.2 அளவில் வந்ததும் பின்னதிர்வுதானே என்பது ஒன்று. சரிதான், ஆகவே பெயரை விட்டுவிட்டு அளவையும் உடைந்த விதத்தையும் பார்க்க வேண்டும். தொலைவில் நடந்தது இங்கே எதையாவது தூண்டாதா என்பது இன்னொன்று. 2012இன் பேரதிர்வுக்குப் பிறகு ஆறு நாட்கள், உலகின் தொலைதூரப் பகுதிகளில் 5.5ஐத் தாண்டிய அதிர்வுகள் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காகின. அதைச் செய்தது 8.6, நடுத்தர அதிர்வின் அலைக்கு அந்த வீச்சு இல்லை. நிலநடுக்கம் மண்சரிவை உண்டாக்குவதும் உண்மை, ஆனால் 5 அளவுக்கு அது மையத்திலிருந்து சில பத்துக் கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். அந்தக் கணக்கில் நாம் கவனிக்க வேண்டியது, 2023 பெப்ரவரியில் புத்தள, வெல்லவாயப் பகுதியில் உணரப்பட்ட 3 அளவு போன்ற உள்ளூர் அதிர்வுகளை. அவையும் இதுவரை சிறியவையே.

ஊவாவின் சரிவுகளை இறக்குவது மழை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது கடலிலிருந்து எந்த அதிர்வும் தேவைப்படவில்லை. நாட்கணக்காகப் பெய்த மழை போதுமாக இருந்தது. அங்கே ஆபத்து இருப்பதாக 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. அந்த நிறுவனத்தின் அளவுகோல் எளியது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். தோட்டத்து மழைமானியில் யாரும் வாசிக்கக்கூடிய எண்கள் இவை. கடலின் 5 அளவு அதிர்வு நிமிடங்களில் எல்லாக் கைபேசிகளுக்கும் வந்துவிடுகிறது. ராத்திரி மழைமானி 100ஐத் தாண்டியதை லயத்தில் தூங்குகிறவர்களை எழுப்பிச் சொல்வது யார், எழுந்தவர்கள் அந்த மழையில் எங்கே போய் ஒதுங்குவது என்பதைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பே தீர்த்து வைத்திருக்க வேண்டும்.