புண்ணியம் தனி, சம்பளம் தனி

ஜார்ஜ்டவுனில் பழைய பங்களாக்கள் பலவற்றுக்கு இப்போது புது வாழ்வு. மெக்காலிஸ்டர் சாலை, கிரீன் லேன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் என்று எந்தப் பக்கம் போனாலும் முதியோர் இல்லப் பெயர்ப்பலகை ஒன்றாவது கண்ணில் படும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். பெற்றோர் இங்கே தனியாக. மலேசியாவில் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. ஆகவே இந்த இல்லங்களுக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.

வேலை கேட்டுப் போகிறவர்களில் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்த பெண்கள் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஆள்குறைப்பில் வேலை போனவர்கள் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பிறகு முதல் முறையாகச் சம்பளத்துக்குப் போகும் அம்மாக்களும் உண்டு. நேர்முகத்தில் இவர்கள் கேட்கும் முதல் வசனம் பெரும்பாலும் ஒன்றுதான்: "இது வேலை இல்லம்மா, புண்ணியம். நம்ம வீட்டுப் பாட்டியைப் பார்க்கிற மாதிரி." புண்ணியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாட்டியின் குடும்பம் மாதாமாதம் பணம் கட்டுகிறது. பணம் வாங்கி நடத்தும் இடத்தில் புண்ணியத்தைப் பற்றிய பேச்சு அதிகமாகக் கேட்டால், சம்பளக் கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பது நல்லது.

'வீட்டு வேலை மாதிரிதான்' என்ற பேச்சில் சட்டச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வேலை நேரம், ஓவர்டைம், பொது விடுமுறை போன்ற பல உரிமைகளைத் தருவதில்லை. குறைந்தபட்சச் சம்பள ஆணையும் அவர்களைச் சேர்க்கவில்லை. ஆனால் சட்டம் சொல்லும் வீட்டுப் பணியாளர் என்பவர் தனியார் குடியிருப்பில் வேலை செய்பவர். வியாபாரத்துக்காக அமர்த்தப்பட்டவர் அல்லர். முதியோர் இல்லம் நடத்துவது தொழில். அங்கே பாட்டியைக் குளிப்பாட்டுகிறவர் முழு உரிமையுள்ள தொழிலாளி. 'உங்களைப் பகுதிநேரமாகத்தான் எடுத்திருக்கிறோம்', 'இது கான்ட்ராக்ட், இபிஎப் (ஊழியர் சேமநிதி) கிடையாது' என்று சொன்னாலும் நிலைமை மாறிவிடாது. வேலை நேரத்தை அவர்கள் தீர்மானிக்கிறார்கள், செய்யும் முறையை அவர்கள் சொல்கிறார்கள், கருவிகளும் அவர்களுடையவை என்றால், நீங்கள் தொழிலாளிதான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது.

சேருவதற்கு முன் இல்லத்தின் பதிவைப் பாருங்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கிப் பராமரிக்கப்படும் இடம் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தாதியர் பராமரிப்பு தரும் நர்சிங் ஹோம் என்றால் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற முதலாளியிடம் சேராமல் இருப்பதே மேல். தன்னையே பதிவு செய்துகொள்ளாதவர் உங்களைச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிவு செய்வார் என்று எப்படி நம்புவது?

இனி கணக்கு. குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், ஆகஸ்ட் 1 முதல் சிறிய முதலாளிகள் உட்பட எல்லாருக்கும் இது பொருந்தும். 'சாப்பாடும் தங்குமிடமும் தருகிறோம், அதனால் 1,300' என்ற பேரம் செல்லாது. சட்டம் சொல்லும் சம்பளத்தில் உணவின் மதிப்போ தங்குமிடத்தின் மதிப்போ சேராது.

இந்தத் தொழிலில் பெரிய இழப்பு ஓவர்டைமில்தான். பல இல்லங்களில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, வாரத்தில் ஆறு நாள் வேலை. சம்பளம் 'எல்லாம் சேர்த்து 1,800'. ஒரு மணி நேர ஓய்வைக் கழித்தாலும் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 66 மணி. சட்டம் அனுமதிக்கும் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி மட்டுமே. மீதி 21 மணியும் ஓவர்டைம். 1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. அதை எட்டால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைமுக்கு அதன் ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு. நான்கு வாரத்தில் 84 மணி ஓவர்டைம் என்றால் ஆயிரம் வெள்ளிக்கு மேல். 'எல்லாம் சேர்த்து' என்ற இரண்டு சொல்லில் மாதம் தொள்ளாயிரம் வெள்ளிக்கு மேல் காணாமல் போகிறது. சட்டத்தைவிடக் குறைவாகத் தரும் ஒப்பந்த வாசகம் செல்லாது. அதில் நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கு ஓவர்டைம் உரிமை உண்டு. புதிதாகச் சேரும் பராமரிப்பாளர் யாரும் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை.

தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் முதியோர் இல்லத்தை மூட முடியாது. யாராவது வேலைக்கு வந்தே ஆக வேண்டும். ஆண்டுக்கு 11 பொது விடுமுறை சம்பளத்தோடு கிடைக்கும். அதில் எவை என்ற பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். அந்த நாளில் வேலை செய்தால், விடுமுறைச் சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் சம்பளம், அதாவது சுமார் 130 வெள்ளி, தர வேண்டும். பதிலுக்கு ஓர் அங்பாவ் கொடுத்து முடித்துக்கொள்வது சட்டம் அல்ல.

சம்பளம் மறுமாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும், சம்பளச் சீட்டோடு. இபிஎப்பில் உங்கள் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு: 1,700க்கு முறையே 187, 221 வெள்ளி. சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டுக் கணக்கில் கட்டாத முதலாளிகள் உண்டு. ஆகவே கைப்பேசியில் இபிஎப்பின் கேடபிள்யூஎஸ்பி ஐ-அக்கவுன் செயலியைத் திறந்து மாதாமாதம் பாருங்கள். உடைந்த தட்டுக்கும் தாமதத்துக்கும் முதலாளி தன் இஷ்டத்துக்குச் சம்பளத்தில் வெட்ட முடியாது.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். இந்த வேலையில் முதலில் கெடுவது முதுகு. படுத்த படுக்கையாக இருக்கும் எழுபது கிலோ தாத்தாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், பேம்பர்ஸ் மாற்ற வேண்டும், சக்கர நாற்காலிக்குத் தூக்க வேண்டும். தனியாகத் தூக்காதீர்கள். இரண்டு பேர் வேண்டும், அல்லது நழுவுத்துணியோ தூக்கும் கருவியோ வேண்டும். படுக்கையின் உயரத்தை உங்கள் இடுப்புக்குக் கொண்டுவந்த பிறகே கை வையுங்கள். அடுத்தது சொறி. ஒருவருக்கு வந்தால் இல்லம் முழுக்கப் பரவும், உங்களோடு வீட்டுக்கும் வரும். ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று சேரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மறதி நோய் உள்ளவர்கள் அடிப்பார்கள், கடிப்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அது பதிவேட்டில் ஏற வேண்டும். இன்சுலின் ஊசி, மூக்குக் குழாயில் பால் ஊற்றுவது போன்றவற்றைப் பயிற்சி இல்லாமல் செய்யச் சொன்னால் 'எனக்குக் கற்றுத் தரவில்லை' என்று சொல்லுங்கள். பயிற்சியும் மேற்பார்வையும் தருவது முதலாளியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2024 ஜூன் 1 முதல், உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து முதலாளி அதை நீக்கவில்லை என்றால் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையையும் அது தருகிறது.

அடிபட்டால் சொக்சோ. விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டாக்டர் குறைந்தது நான்கு நாள் ஓய்வு கொடுத்தால், அந்த நாள்களுக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். விடியற்காலை மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நேர்வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும். இது பலருக்குத் தெரியாததால், சொந்தக் காசில் மருத்துவம் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள்.

பழி என்ற ஆபத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாட்டியின் கையில் நீலத் தழும்பு, தாத்தாவின் மோதிரத்தைக் காணோம் என்றால், முதலில் விரல் நீள்வது புதிய ஆளை நோக்கித்தான். ஷிப்ட் மாறும்போது உடம்பில் உள்ள காயங்களையும் போட்டிருக்கும் நகைகளையும் முந்தைய ஷிப்ட் ஆளோடு சேர்ந்து பார்த்து, நேரத்தோடு எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதைத் தவிருங்கள், உடம்பு அவர்களுடையது.

நீங்களே கொடுமையைப் பார்க்க நேர்ந்தால்? கட்டிலில் கை கட்டப்பட்ட நிலை, சிறுநீர் கழிப்பதைக் குறைக்கத் தண்ணீர் தராதது, அடி. தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 'நமக்கேன் வம்பு' என்று இருந்துவிட்டால், பின்னால் விசாரணை வரும்போது அன்று பணியில் இருந்தவர் என்று உங்கள் பெயரும் வரும்.

குளிப்பாட்டும்போது தகாத இடத்தில் கை வைக்கும் முதியவரும் உண்டு, சமையலறையில் வழிமறிக்கும் மேலாளரும் உண்டு. பாலியல் தொல்லைப் புகாரை முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் ஒட்டி வைப்பதும் கட்டாயம்.

தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருந்தாலும் வேலைச் சட்டம் ஒன்றுதான். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனால் சுற்றுலா விசாவில் அழைத்து வந்து 'பிறகு மாற்றித் தருகிறேன்' என்கிற ஏஜெண்டை நம்பி ஏறாதீர்கள். மாட்டிக்கொள்வது அவர் அல்ல, நீங்கள்.

முறையிட வழி இருக்கிறது. சம்பளப் பாக்கி, ஓவர்டைம், விடுமுறை எல்லாவற்றுக்கும் தொழிலாளர் இலாகா. நேரில் போகலாம், அல்லது 'ஒர்க்கிங் ஃபார் ஒர்க்கர்ஸ்' செயலியில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. வேலைக்கு வந்து போன நேரத்தை உங்கள் கைப்பட எழுதிய சிறு நோட்டுப் புத்தகம் அங்கே பெரிய துணை.

வேலையை விட நினைத்தால், ஒப்பந்தத்தில் வேறு காலம் இல்லாத நிலையில், இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு நான்கு வார முன்னறிவிப்பு போதும். கடைசி நாளிலேயே பாக்கிச் சம்பளம் கைக்கு வர வேண்டும். நியாயமில்லாமல் வேலையைவிட்டு நீக்கினால் போக வேண்டிய இடம் வேறு: தொழிலியல் உறவு இலாகா. நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு அங்கே போய்ச் சேர வேண்டும். 61ஆம் நாள் கொடுக்கும் மனுவுக்குச் சட்டத்தில் இடமில்லை.