பாரிஸ் மாநகரில் தங்குமிடம் தெரிதல்

வேற்று நாடு காணப் புறப்படுவோர், காணத்தக்க இடங்களைப் பற்றி நூல் பல ஆராய்வர். தங்கத்தக்க இடத்தைப் பற்றியோ, இறுதி நேரத்தில் விலைப்பட்டியலை நோக்கி, அதன்கண் மிகக் குறைந்த எண்ணைக் கண்டு அமைவர். அது மக்கட்கு இயல்பே, எனினும் ஏற்றதன்று. அளவான பொருளும் நான்கைந்து நாட்களுமே கையிலுடைய மாணாக்கர்க்கு, விடுதி அமைந்த இடமே பயணத்தின் பயனைப் பெருக்குவதும் குறைப்பதும் ஆகும். கல்வி கருதி ஐரோப்பா செல்லும் நம்மவருள் பலர், விடுமுறைக் காலத்தில் பாரிஸ் மாநகரைக் காண விழைவராதலின், ஆண்டுத் தங்குமிடம் தெரியும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் நகரின் அமைப்பை அறிதல் வேண்டும். ஸேன் என்னும் ஆறு நகரின் ஊடே வளைந்தோடி, அதனை இரு கூறாக்குகின்றது. வடபால் உள்ளது வலக்கரை எனவும், தென்பால் உள்ளது இடக்கரை எனவும் பெயர் பெறும். 1860-ஆம் ஆண்டில் சுற்றியிருந்த சிற்றூர்கள் நகரோடு இணைக்கப்பட்டபோது, பாரிஸ் 20 வட்டாரங்களாக வகுக்கப்பட்டது. இவற்றின் எண்வரிசை நகரின் நடுவே தொடங்கி, நத்தையின் ஓடுபோல வலமாகச் சுழன்று எல்லையை அடைகின்றது. ஆதலின், எண் சிறிதாயின் நடுப்பகுதி என்றும், பெரிதாயின் ஓரம் என்றும் பெரும்பாலும் கொள்ளலாம்.

விடுதியின் முகவரியிலேயே இவ்வுண்மை அடங்கியுள்ளது. 75005 என்பது ஐந்தாம் வட்டாரம். 75018 என்பது பதினெட்டாம் வட்டாரம். 2020-ஆம் ஆண்டில் முதல் நான்கு வட்டாரங்களும் ஒரே ஆட்சிப் பிரிவாக இணைக்கப்பட்டன. ஆயினும் அஞ்சல் எண்கள் மாறவில்லை. 92, 93, 94 என்று தொடங்கும் எண்கள் நகரெல்லைக்குப் புறம்பான ஊர்களைக் குறிப்பன. விடுதியின் பெயரில் ‘பாரிஸ்’ என்னும் சொல் இருத்தலை மட்டும் கண்டு மயங்கலாகாது. அஞ்சல் எண்ணையே நோக்குதல் வேண்டும்.

இனி, மலிவு என்பது யாது என ஆராய்வாம். ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. விடுதிக்கும் அஃது ஒக்கும். 1900-ஆம் ஆண்டில் தொடங்கிய நிலத்தடி ரயில், இன்று முந்நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களை இணைக்கின்றது. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் தனிச் சீட்டு 2.50 யூரோ என வகுக்கப்பட்டது. அக்கணக்கின்படி, இருவர் காலையிற் சென்று மாலையில் மீளின் நாளொன்றுக்கு நான்கு சீட்டுக்கள். அவற்றின் விலை 10 யூரோ. நண்பகலில் ஒருமுறை அறைக்கு வந்து இளைப்பாறிச் செல்வரேல் 20 யூரோ ஆம். எனவே, நடந்து செல்லும் தொலைவில் உள்ள அறை, தொலைவில் உள்ள அறையினும் 10 யூரோ மிகையாயினும் உண்மையில் மிகையன்று.

பொருட்செலவினும் பெரிது காலச்செலவு. போக ஒரு மணியும் வர ஒரு மணியும் கழியுமாயின், ஐந்து நாளில் பத்து மணிநேரம் வண்டியிலேயே ஒழிந்தது. அஃது ஏறக்குறைய ஒரு பகற்பொழுது. பல காலம் பொருள் சேர்த்து, கடல் கடந்து சென்றவர்க்கு அப்பகல் எத்துணை அரிது! ஆதலின் அறையின் விலையோடு வழிச்செலவையும் வழிக்காலத்தையும் கூட்டியே மலிவை அளத்தல் வேண்டும்.

இனி வட்டாரங்களின் தன்மையைக் காண்பாம். முதல் ஆறு வட்டாரங்களும் நகரின் இருதயம். லூவர் காட்சிசாலையும், 2024-ஆம் ஆண்டு இறுதியில் மீண்டும் திறக்கப்பெற்ற நோத்ர் தாம் பேராலயமும், முன்னாளில் கற்றோர் லத்தீன் மொழி பேசியதனால் லத்தீன் வட்டாரம் எனப் பெயர்பெற்ற கல்விப்பகுதியும் இங்குள்ளன. யாவும் நடந்தே காணத்தக்கன. ஆனால் விலை மிகுதி, அறைகளோ சிறியன. இரண்டு நாளே தங்குவோர்க்கு இப்பகுதி ஏற்றது.

நான்கைந்து நாள் தங்குவோர்க்கு 12, 13, 14 என்னும் வட்டாரங்கள் தக்கன என்பது எம் கருத்து. பன்னிரண்டாம் வட்டாரத்தில் உள்ள கார் து லியோன் நிலையத்தினின்று ஒன்றாம் எண் ரயில் நேரே லூவருக்குச் செல்கின்றது. நோத்ர் தாம் அரைமணி நடையில் உள்ளது. பதின்மூன்றாம் வட்டாரத்தின் வழியே செல்லும் பதினான்காம் எண் ரயில், 2024-ஆம் ஆண்டு முதல் ஓர்லி விமான நிலையம்வரை ஓடுகின்றது. பதினான்காம் வட்டாரத்து தான்ஃபேர் ரோஷ்ரோ நிலையத்தினின்று லத்தீன் வட்டாரம் மூன்றே நிறுத்தம். இப்பகுதிகளில் பெரும்பாலும் அந்நகரத்துக் குடிமக்களே வாழ்கின்றனர். ஆதலின் ரொட்டிக்கடையும் காய்கறிச் சந்தையும் அவர்தம் கைப்பொருளுக்கு ஏற்ற விலையினவாகும்.

மொன்மார்த்ர் குன்று அழகு மிக்கது. ஆயினும் படிகள் பல. பெரும் பெட்டி சுமந்து செல்வோரும் முதியோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. பத்தாம் வட்டாரத்து வடநிலையம் லண்டனிலிருந்து ரயிலில் வருவோர்க்கு மிக வசதி. எனினும் நெரிசலும் ஓசையும் மிகுதி. இரவில் தம் உடைமையைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும். இந்நிலையத்தை அடுத்த லா ஷப்பெல் பகுதியில், 1980-களில் இலங்கைப் போரினால் இடம்பெயர்ந்து குடியேறிய தமிழர்தம் கடைகளும் உணவுச்சாலைகளும் நிறைந்துள்ளன. அங்கே தங்காவிடினும், சோறும் குழம்பும் நாடும் நாளில் அங்குச் சென்று உண்டு மீளலாம்.

வட்டாரத்தைத் தெரிந்தபின் விடுதியை ஆராய்தல் வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள நட்சத்திரக் குறிகள் வசதிகளின் அளவைக் காட்டுமேயன்றி, தூய்மையையும் அமைதியையும் முற்றும் உணர்த்தா. இரண்டு குறி உடைய சிறு விடுதி பலருக்கும் போதும். ஆயினும் சில வினாக்களை முன்னரே கேட்டல் வேண்டும். மேல்மாடிக்கு மின்தூக்கி உண்டா? குளியலறை தனியா, பொதுவா? காலையுணவு விலையில் அடங்கியதா? அடங்காவிடின், அருகிலுள்ள ரொட்டிக்கடையில் உண்டல் சிக்கனம். ஒரு நாளுக்கு ஒருவர்க்கு இவ்வளவு என விதிக்கப்படும் தங்கல் வரி தனியே கொடுக்கவேண்டுமா? வரி நட்சத்திரக் குறிக்கேற்ப மாறும். 18 வயது நிரம்பாதார்க்கு அது கிடையாது. தெருப்பக்க அறையினும் உள்முற்றப் பக்க அறை உறக்கத்துக்கு ஏற்றது. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் வெப்பம் 42.6 பாகை ஏறியது; பழைய கட்டடங்கள் பலவற்றில் குளிரூட்டும் பொறி இல்லை. ஆகவே கோடையிற் செல்வோர் அதனையும் வினவுக.

நாளைத் தெரிதலிலும் சிக்கனம் உண்டு. ஒரு வாரத்துக்குரிய ரயில் அட்டை திங்களன்று தொடங்கி ஞாயிறன்று முடிவது. வியாழனன்று வந்திறங்கி அதனை வாங்குவோர்க்கு நான்கு நாட்பயனே கிட்டும். திங்களன்று இறங்குவோர் முழுப்பயனும் பெறுவர்.

இறுதியாக, ஒன்று கூற விரும்புகின்றோம். விடுதியை விட்டுக் குடியிருப்பு வீடுகளைச் சில நாளுக்கு வாடகைக்குக் கொள்ளும் வழக்கம் இக்காலத்துப் பெருகியுள்ளது. குடும்பத்தோடு செல்வோர்க்கு அது நன்று. ஆனால் வீடுகள் பல இங்ஙனம் பயணிகட்கே விடப்பட்டமையால், அந்நகரத்துத் தொழிலாளரும் மாணாக்கரும் குடியிருக்க இடமின்றி இடர்ப்பட்டனர். அதனால் ஒருவர் தாம் வாழும் வீட்டை ஆண்டுக்கு 120 நாளுக்கு மேல் பயணிகட்கு விடலாகாது என்றிருந்த விதியை, 2025-ஆம் ஆண்டு முதல் 90 நாளாக அந்நகராட்சி குறைத்தது. விளம்பரத்தில் பதிவு எண் காட்டுதலும் கட்டாயம். அவ்வெண் இல்லாத வீட்டை மலிவு என்று கொள்ளுதல், நம்மை ஒத்த ஓர் ஏழை மாணாக்கனின் அறையை நாம் கவர்தலை ஒக்கும்.

விருந்தினராய்ச் செல்வோர் வீட்டாரின் வாழ்வுக்கு இடையூறு ஆகாமை நம் நாட்டார் நன்கறிந்த ஒழுக்கம். காலமும் பொருளும் மிச்சமாகவும், பிறர்க்கு இடரின்றியும் அமையும் இடமே மலிவான இடம். அவ்வாறு தெரிந்து தங்குவோர், நகரின் கட்டடங்களை மட்டுமன்றி, அதன் மக்களையும் கண்டு மீள்வர்.