இளவட்டக்கல்லை விண்வெளியில் தூக்கினால் என்ன ஆகும்?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை நாகர்கோவில்ல வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. ஆரல்வாய்மொழி கணவாயில காத்தாடிகளைச் சுத்த வைக்கிற அதே காத்துதான். எடிட்டிங்ல எவ்வளவோ முயற்சி பண்ணியும் போகல.

ஊருக்கு வந்த காரணம், ஆச்சி. குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. அதுக்கப்புறம் சில வாரம் பெரும்பாலும் படுக்கைதான். ஒருநாள் போர்வையை விலக்கிப் பார்த்துட்டு ஆச்சி கேட்டாங்க: “எனக்க காலு எங்க போச்சு மக்கா?” உண்மையிலேயே கெண்டைக்கால் சதை பாதியா வத்தியிருந்துச்சு. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: “ஆச்சி இத்தனை நாளா விண்வெளிக்குப் போயிட்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான்.”

அது ஜோக் இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சது. விண்வெளியில உடம்புக்கு என்ன ஆகும்னு பூமியிலேயே தெரிஞ்சுக்க, ஆரோக்கியமான ஆட்களை வாரக்கணக்கில் படுக்க வைச்சு ஆராய்ச்சி பண்றாங்க. கட்டிலைத் தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்த்திருவாங்க. சாப்பாடு, குளியல் எல்லாமே படுத்தபடிதான். சில ஆய்வுகள் 60 நாள் வரைக்கும் போகும். அதுல வர்ற விளைவும் ஆச்சிக்கு வந்ததும் கிட்டத்தட்ட ஒண்ணு.

அங்கே ஈர்ப்பு இல்லையா?

முதல்ல ஒரு தப்பெண்ணத்தை எடுத்துருவோம். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுத்துது. அங்கே பூமியின் ஈர்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கு. அப்புறம் ஏன் மிதக்குறாங்க? நிலையமும் அதுக்குள்ள இருக்கிற ஆளும் சேர்ந்து விழுந்துக்கிட்டே இருக்காங்க. பக்கவாட்டில் அவ்வளவு வேகமாப் போறதால பூமியில் மோதாம அதைச் சுத்தியே விழுறாங்க. ராட்டினம் மேலேருந்து இறங்கும்போது வயித்துல ‘ஜிவ்’வுன்னு ஒரு உணர்வு வருமே, அது மாசக்கணக்கில் தொடருதுன்னு வச்சுக்கோங்க.

இங்கே நாம சும்மா நிற்கும்போதுகூட முதுகு, தொடை, கெண்டைக்கால் தசைகள் வேலை பார்த்துக்கிட்டே இருக்கு. அங்கே அந்த வேலையே கிடையாது.

உடம்பு ஒரு கஞ்சத்தனமான சர்வர்

நம்ம வேலையில கிளவுட் சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். லோடு குறைஞ்சா சிஸ்டம் தானாகவே சர்வர்களை நிறுத்தி செலவை மிச்சம் பிடிக்கும். உடம்பும் அப்படித்தான். பயன்படாத தசையை வச்சுப் பராமரிக்க அதுக்கு மனசு வராது.

எலும்பும் செத்த தூண் கிடையாது. ஒரு பக்கம் பழைய எலும்பைக் கரைக்கிற செல்கள், இன்னொரு பக்கம் புதுசாக் கட்டுற செல்கள். ஆயுசு முழுக்க நம்ம ஊர் ரோடு மாதிரி தோண்டுறதும் போடுறதுமா இருக்கும். எங்கே எவ்வளவு கட்டணும்னு முடிவு பண்றது, எலும்பு மேல விழுற பாரம். விண்வெளியில பாரம் போனதும் தோண்டுற கோஷ்டி மும்முரமாகுது, போடுற கோஷ்டியால அதுக்கு ஈடுகொடுக்க முடியல.

கணக்கைப் பாருங்க. தடுப்பு எதுவும் சரியா இல்லைன்னா, இடுப்பு மாதிரி பாரம் தாங்குற எலும்புகள் மாசத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தாதுச்சத்தை இழக்கும். பூமியில வயசானவங்க அந்த அளவை இழக்க ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகும். கரைஞ்ச கால்சியம் சிறுநீர் வழியாத்தான் வெளியே போகணும், அதனால சிறுநீரகக் கல் வர்ற அபாயமும் கூடும்.

1970-ல் சோயுஸ் 9 கலத்தில் ரெண்டு சோவியத் வீரர்கள் 18 நாள் இருந்துட்டுத் திரும்பினாங்க. இறங்கினப்போ ஒழுங்கா நிக்கவே முடியாத அளவுக்குத் தளர்ந்து போயிருந்தாங்க. ரஷ்ய மருத்துவர் வலேரி பொல்யாகோவ் 1994–95-ல் மீர் நிலையத்தில் 437 நாள் இருந்தார். திரும்பி வந்து கலத்திலிருந்து பக்கத்து நாற்காலிக்குத் தானே நடந்து போனார். நடுவுல 25 வருஷம். வீரர்களோட தினசரி வேலைப் பட்டியல்ல உடற்பயிற்சி நிரந்தரமா இடம் பிடிச்சது அந்தக் காலத்துலதான்.

கல்லுக்கு எடை இல்லாத ஊரில் எப்படிக் கல் தூக்குவது?

பணகுடி, வள்ளியூர் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குறதைப் பார்த்திருப்பீங்க. வடலிவிளையில பெண்களும் தூக்குவாங்க. அந்தக் கல்லை நிலையத்துக்கு எடுத்துட்டுப் போனா ஒரு விரலால தள்ளி மிதக்க விடலாம். பயிற்சிக்கு அது உதவாது.

அதனால வேற வழி கண்டுபிடிச்சாங்க. 2008 கடைசியில ‘ஏரெட்’னு ஒரு இயந்திரத்தை மேலே அனுப்பினாங்க. அதுல காத்தை உறிஞ்சி எடுத்த ரெண்டு உருளைகள் இருக்கு. வாயை அடைச்ச ஊசி சிரிஞ்சோட பிஸ்டனை இழுத்துப் பாருங்க, விடமாட்டேன்னு திரும்ப இழுக்கும். அதே தத்துவம்தான். அதுல 270 கிலோ வரைக்கும் பாரம் வைக்கலாம். டிரெட்மில்லும் உண்டு, ஆனா தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி எலாஸ்டிக்கால கீழே இழுத்துப் பிடிக்கலைன்னா முதல் அடியிலேயே மேலே போயிருவோம். சைக்கிளும் இருக்கு. தினமும் சுமார் 2 மணி நேரம் இதுக்கே ஒதுக்குறாங்க.

முக்கியமான பாடம் ஒண்ணு இருக்கு. ஏரெட்டுக்கு முந்தின இயந்திரத்தில் பாரம் குறைவு. வீரர்கள் அதுல ஒழுங்காப் பயிற்சி செய்தும் எலும்பு கரைஞ்சது. பாரம் கூடினதும், போதுமான சாப்பாடும் வைட்டமின் டியும் சேர்ந்ததும், இழப்பு நல்லாக் குறைஞ்சது. ஆக, அசைஞ்சா மட்டும் எலும்புக்குப் போதாது. கனமாத் தாங்கணும்.

மருந்தும் சோதிச்சாங்க. அலென்ட்ரோனேட்னு வாரம் ஒரு மாத்திரை. எலும்பைக் கரைக்கிற செல்களை அது அடக்கும். பயிற்சியோட இதையும் எடுத்தவங்களுக்கு இடுப்பெலும்பு இழப்பு பெரிய அளவில் தடுக்கப்பட்டதா 2013-ல் வெளியான ஆய்வு சொல்லுது. இதைப் படிச்சுட்டு ஆச்சியோட மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதே பேர். வெறும் வயித்துல போடணும், போட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஆச்சிகிட்ட சொன்னேன். “ராக்கெட்டுல போறவனுக்கும் இந்த மாத்திரைதானா?”ன்னு கேட்டாங்க. அன்னையிலிருந்து அதைப் போடச் சொல்லி யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

நம்ம ஆட்கள் எங்கே நிற்கிறோம்?

1984-ல் ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்தில் ஏறக்குறைய 8 நாள் இருந்தப்போ யோகாசனம் செய்து பார்த்தார். எடையின்மையை உடம்பு தாங்க அது உதவுதாங்கிறதுதான் சோதனை. 2025 ஜூன்ல ஆக்ஸியம் 4 பயணத்தில் போன சுபான்ஷு சுக்லா, பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனம் வடிவமைச்ச தசை செல் சோதனையை அங்கே செய்தார். எடையின்மையில தசை ஏன் சரியா வளரல, சத்துப் பொருள் கொடுத்தா சரியாகுமாங்கிறது கேள்வி. சுமார் 20 நாள்தான் இருந்தார். திரும்பி வந்து, மிதக்கும்னு நினைச்சு லேப்டாப்பைக் கட்டிலோரம் காத்துல விட்டுக் கீழே போட்ட கதையை அவரே சொன்னார்.

ககன்யான் திட்டம் 3 பேர், 3 நாள். அந்தக் கால அளவில் எலும்பு பெரிய கவலை இல்லை. அந்த ராக்கெட்டுக்கான விகாஸ் இன்ஜினைச் சோதிச்சது காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரியில. இஸ்ரோ தலைவர்களா வந்த சிவனும் நாராயணனும் நம்ம மாவட்டத்துக்காரங்க. ஆனா 2035-க்குள்ள சொந்த விண்வெளி நிலையம்னு இந்தியா இலக்கு வச்சிருக்கே, அப்போ ஏரெட் மாதிரி ஒண்ணை நாமளும் கட்டியாகணும்.

பிரச்சினை முழுசாத் தீரவும் இல்லை. 2022-ல் வந்த ஓர் ஆய்வில் 17 வீரர்களைப் பார்த்தாங்க. பூமிக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆகியும் 9 பேருக்குக் கீழ்க்கால் எலும்பு பழைய நிலைக்கு வரல. செவ்வாய்க்குப் போக மட்டுமே 6 முதல் 9 மாசம் ஆகும். இறங்கினா கைத்தாங்கலாப் பிடிச்சு நடத்த அங்கே பிசியோதெரபிஸ்ட் கிடையாது.

நமக்கு என்ன?

ஒருநாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறது விண்வெளி ஆகிடாது, அப்படிப் பயமுறுத்தவும் மாட்டேன். ஆனா விதி ஒண்ணுதான். தாங்காத எலும்பை உடம்பு வச்சிருக்காது. எலும்பு அதிகபட்ச அடர்த்தியை எட்டுறது ஏறக்குறைய 30 வயசுக்குள்ள. அதுக்கப்புறம் பெரும்பாலும் இருக்கிறதைக் காப்பாத்துறதுதான் வேலை. இதைக் கேட்கிற பலருக்கும், எனக்கும், இன்னும் சில வருஷம்தான் பாக்கி. மாடிப்படி ஏறுங்க. வாரத்தில் ரெண்டு மூணு நாள் கனமா எதையாவது முறையாத் தூக்குங்க. கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோட சேர்த்து நெத்திலி சாப்பிடுங்க. கொஞ்சம் வெயில் படட்டும்.

ஆச்சி இப்போ வாக்கரைப் பிடிச்சு நடையிலிருந்து வாசல் வரை போறாங்க. நேத்து 40 அடி, இன்னைக்கு 46. எண்ணுறது என் பொறுப்பு, ஒண்ணு குறைச்சுச் சொன்னா சண்டைக்கு வர்றாங்க.

அடுத்த எபிசோடை உட்கார்ந்து கேட்காதீங்க மக்களே, நடந்துக்கிட்டே கேளுங்க.