நல்ல கையைக் கட்டிப் போடுங்கள்

"அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. டாக்டர் சொன்னால் வலக்கையைத் தூக்குகிறார், விரல்களை நீட்டி மடக்குகிறார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கை மடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சட்டைப் பொத்தான்கூட இடக்கையால்தான். சோம்பலா, பிடிவாதமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

பாவம் அப்பா, அவரைத் திட்டாதீர்கள். அவர் மூளை ஒரு தப்பான பாடத்தை மிக நன்றாகப் படித்துவிட்டது.

1895இல் மாட், ஷெரிங்டன் என்ற இரு ஆங்கிலேயர்கள் குரங்கின் ஒரு கையிலிருந்து முதுகுத்தண்டுக்குப் போகும் உணர்வு நரம்புகளை வெட்டினார்கள். தசையை இயக்கும் நரம்புகளைத் தொடவில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையைக் கைவிட்டது. உணர்வில்லாமல் அசைவில்லை என்று தீர்ப்பாயிற்று. சொன்னவர் நரம்பியல் மேதை ஷெரிங்டன் ஆயிற்றே, வெகுகாலம் யாரும் கிளறவில்லை.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் கிளறினார். குரங்கின் நல்ல கையைக் கட்டிப் போட்டார். உதவாது என்று தள்ளிவைத்த கை நீண்டு வந்து தீனியை எடுத்தது! (1981இல் அவருடைய ஆய்வகத்தின் மேல் விலங்கு வதை வழக்கு வந்து பெரிய ரகளை ஆனது. அது தனிக் கதை.)

டாப் தந்த விளக்கம்தான் ருசி. அடிபட்டவுடன் நரம்பு மண்டலம் அதிர்ந்து அடங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் கையை நீட்டினால் டம்ளர் கவிழும். மற்றக் கை சட்டென்று வேலையை முடித்துவிடும். நாளடைவில் அதிர்ச்சி விலகும். விலகியது மூளைக்குத் தெரியாது. முயன்று பார்த்தால்தானே தெரிய?

பாதாளச் சாக்கடைக்காக மெயின் ரோட்டைத் தோண்டுகிறார்கள், டவுன் பஸ் சந்து வழியாகச் சுற்றுகிறது. பிறகு ரோடு போட்டாயிற்று, தாரும் காய்ந்தாயிற்று. பஸ் இன்னும் சந்தில்தான். அங்கே டீக்கடை முளைத்துவிட்டது, ஜனம் அங்கேதான் நிற்கிறது, டிரைவருக்குக் கடையில் பாக்கி வேறு. பழைய ஸ்டாப்பிங்கில் ஆடு படுத்திருக்கிறது. கவுன்சிலர் வந்து சந்தை மறித்தால்தான் பஸ் திரும்பும்.

மனிதர்களுக்கு டாப் போட்ட மறியல், நல்ல கைக்கு ஒரு தடித்த கையுறை. விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, இரண்டு வாரம். கூடவே மணிக்கணக்கில் பயிற்சி: சீட்டைத் திருப்புவது, மேசை துடைப்பது, எல்லாம் நாளுக்கு நாள் சற்றே கடினமாக. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரிடம் அமெரிக்காவில் சோதித்து, 2006இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்கள் கை நன்றாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அந்தத் தேர்ச்சி நின்றது.

'மூளை தன்னைத்தானே புதுப்பிக்கும்' என்று ஆப்பும் லேகியமும் விற்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்வார்கள். மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிராதவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். அவசரமும் உதவாது: பக்கவாதம் வந்து பத்து நாள் வாக்கில் 52 பேரிடம் செய்த இன்னோர் ஆய்வில், மிகக் கடுமையாகப் பயிற்சி பெற்றவர்களே 90ஆம் நாளில் பின்தங்கியிருந்தார்கள்.

உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், விரலும் நிமிர்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். அவராக நாள் குறிக்கும்வரை வீட்டில் துண்டை எடுத்துக் கையைக் கட்டிவிடாதீர்கள். குளியலறையில் கம்பியைப் பிடிப்பதும், நடக்கையில் தடி ஊன்றுவதும் அந்த நல்ல கைதான்.