நினைவைச் சோதிக்காத திரை

மறதிநோயாளிகளின் நினைவை மீட்டுத் தருவதாகச் சொல்லும் செயலிகளின் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. அல்சைமர் நோயில் அழிந்த நரம்பணுக்களை எந்தச் செயலியும் முளைக்க வைக்காது. பேச்சின் இழை அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்வதே கருவியால் ஆகிற காரியம். அதை நன்றாகப் புரிந்துகொண்டது ஸ்காட்லாந்தின் டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் நார்மன் ஆல்ம், ஆர்லீன் ஆஸ்டெல் குழுவினர் உருவாக்கிய 'சிர்க்கா'. தொடுதிரையில் பழைய படங்கள், பாட்டுகள், காணொளிகள்; நோயாளியும் பராமரிப்பவரும் அருகருகே உட்கார்ந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இதன் சூட்சுமம் பார்வைக்குத் தெரியாது. நோயின் தொடக்கத்தில் இளமைக்கால நினைவுகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சற்றுமுன் கேட்டதை மனத்தில் நிறுத்திக்கொண்டே பதிலைக் கோப்பதுதான் தடுமாறும். ஓட்டலில் சர்வர் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்போது, அவர் ரவா தோசைக்கு வருவதற்குள் இட்லி நமக்கே மறந்துவிடுகிறது. சுவரில் பலகை இருந்தால் அந்தத் தொல்லையில்லை. சிர்க்காவின் திரை அப்படியொரு பலகை; அதுவும் எதைக் கேட்டாலும் "தீர்ந்துபோச்சு சார்" என்று சொல்லாத ஓட்டலின் பலகை. எங்கே தொட்டாலும் சுவையான ஏதோவொன்று திறக்கும். தப்பான இடம் என்றே ஒன்று கிடையாது. இது வெறும் உபசாரம் இல்லை. மறதியுள்ளவர்கள் கற்கும்போது தவறுக்கு இடமே கொடுக்காவிட்டால் நன்றாகக் கற்கிறார்கள் என்று உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் காட்டினார்கள். தவறினோம் என்பது அவர்களுக்கு மறந்துபோகும். தவறு மட்டும் கையில் பழகிவிடும்.

சிர்க்காவில் இருப்பவை ஊர்ப்பொதுப் படங்கள். சொந்தக் குடும்பப் படங்களைவிட அவை எப்படி உசத்தி என்று கேட்கலாம். குடும்பப் படத்தை நீட்டியதும் "இது யாரு, சொல்லுங்க" என்ற கேள்வி வந்துவிடுகிறது; பேச்சு தேர்வாகிறது, தேறாதவர் வாயை மூடிக்கொள்கிறார். பழைய கடைத்தெருப் படத்துக்குச் சரியான விடை என்று ஒன்றில்லை. எதைப் பற்றியும் பேசலாம். வழக்கமான நினைவுகூரல் அமர்வுகளில் கேள்விகளை அடுக்கும் பராமரிப்பாளர்கள், சிர்க்காவின் முன்னால் எதைப் பார்க்கலாம் என்று தேர்வை நோயாளியிடமே விடுவதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: படமும் அதற்கொரு வாக்கியமுமாகச் சிறு ஏடுகளை அமெரிக்காவில் ஆய்வாளர் மிஷெல் பூர்ஷ்வா 1990இலேயே சோதித்துவிட்டார். வாசிக்கும் திறன் பலருக்கு நெடுநாள் நிலைப்பதால் அந்த ஏடு பேச்சுக்குக் கைகொடுத்தது. அப்படியானால் திரை எதற்கு? பலருக்குத் தேவையே இல்லை. ஏட்டில் தொடங்குவதே மலிவு. ஏட்டால் பாட மட்டும் முடியாது. அதற்காக வேண்டுமானால் திரைக்குச் செலவழிக்கலாம்.