வலையில் ஒரு கடை – 11: பதிவேட்டில் இருக்கும் முகவரி

2025 ஜூலை 11 அன்று மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று நம் செஞ்சி. கோட்டையின் ராஜகிரி மலையில் ஏற வெளியூர்க்காரர்கள் வர வர, இங்கே அறை வாடகைக்கு விடுபவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் ஓர் எண்ணம் எழும்: ‘வந்தவங்க மெயில் ஐடி எல்லாம் பதிவேட்டுல இருக்கே, மொத்தமா ஒண்ணு தட்டிவிட்டா என்ன?’

தட்டிவிடலாம், கேட்டுவிட்டு. விருந்தினர் அந்த முகவரியைக் கொடுத்தது அறை எடுப்பதற்காக. பொங்கல் தள்ளுபடிக்கு அதைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் தனியாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்தக் காரியத்துக்குச் சம்மதம் பெற்றோமோ அதோடு நிற்கச் சொல்கிறது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவுக்கே சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. அறைப் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் போடுங்கள்: ‘சலுகை விவரங்களை மெயிலில் அனுப்பலாமா?’ நீங்களே டிக் அடித்து வைக்காதீர்கள். அவர் அடித்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரக் குறுஞ்செய்தி தொல்லை தந்தால் புகார் சொல்ல 1909 இருக்கிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. இங்கே தீர்ப்பு சொல்வது, பெறுபவர் அழுத்தும் ஸ்பேம் பொத்தான். புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பதே நல்லது என்கிறது கூகுள். அதாவது ஆயிரம் மெயிலில் மூன்று பேர் எரிச்சலடைந்தால் போதும். அதற்குப் பிறகு, உங்களிடம் விரும்பி அறை கேட்டவருக்கு நீங்கள் அனுப்பும் பதிலும் ஸ்பேம் பெட்டியில் விழக்கூடும். சிறு தொழிலுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் எனக்குத் தெரியவில்லை.

‘ஐம்பதாயிரம் முகவரி, மலிவு விலை’ என்று வரும் பட்டியலை வாங்கவே வாங்காதீர்கள். பாதி செத்த முகவரிகளாக இருக்கும். அனுப்பிய மெயில் போன வேகத்தில் திரும்பி வரும். சில முகவரிகள் ஸ்பேம் அனுப்புபவரைப் பிடிக்கவென்றே வைத்த பொறிகள். அவற்றில் சிக்கினால் ஸ்பேம்ஹாஸ் போன்ற அமைப்புகளின் தடைப்பட்டியலில் உங்கள் பெயர் ஏறலாம்.

சொந்த ஜிமெயில் கணக்கும் மொத்தமாக அனுப்ப உதவாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 பேரோடு நின்றுவிடும். எல்லோரையும் ‘டு’ கட்டத்தில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவர் கண்ணில் படும். நம்பிக் கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம் அது. சொந்த டொமைன் ஒன்று வாங்கி, மெயில் அனுப்பும் சேவை ஒன்றோடு இணையுங்கள். டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் மூன்று பதிவுகள் வேண்டும். எஸ்பிஎஃப், உங்கள் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு உரிமை என்று சொல்லும். டிகிம், ஒவ்வொரு மெயிலிலும் இடும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும். இவை பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்பதை டிமார்க் சொல்லும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இம்மூன்றும் கட்டாயம். விளம்பர மெயிலென்றால் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். யாஹூவும் இதையே கேட்கிறது. உங்கள் பட்டியல் முந்நூறு பேர்தான் என்றாலும் நான்கையும் செய்துவிடுங்கள்.

மெயிலில் என்ன எழுதுவது? ‘அதிரடிச் சலுகை!!!’ வேண்டாம். ‘செஞ்சிக் கோட்டை: வெயில் தணிந்துவிட்டது, மலையேற நல்ல நேரம்’ என்று தலைப்பிட்டு, அறை வாடகை, விடுதி முகவரி, தொலைபேசி எண், அடியில் விலகும் இணைப்பு. போதும். மாதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

விலகியவரின் முகவரியை அழித்துவிடாமல் தனிப் பட்டியலாக வையுங்கள். அழித்தால், அடுத்த சீசனில் வேலைக்கு வரும் புதுப் பையன் பழைய பதிவேட்டைப் பார்த்து அதே முகவரியை மறுபடி ஏற்றிவிடுவான். வேண்டாமென்று ஒருமுறை சொன்னவர், இரண்டாம் தடவை விலகும் இணைப்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்; நேரே ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்.

(தொடரும்)