முடிவிலாக் கதையில் ஒரு வாரம்

கதை கேட்பதில் மக்களுக்குள்ள வேட்கை இயல்பானது. குழவிப் பருவத்தே பாட்டியின் மடியில் தோன்றும் அவ்வேட்கை முதுமையிலும் தணிவதில்லை. ஆயினும், நாம் கேட்டும் கற்றும் வரும் கதைகள் பெரும்பாலும் ஓரிடத்தில் முடிவன. தலைவன் தலைவியை மணந்தான் என்றேனும், பகைவன் மாண்டான் என்றேனும் கூறி ஆசிரியர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றார். அதன்பின் அவர்கள் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதை அவர் சொல்வதுமில்லை; நாம் வினவுவதுமில்லை. இவ்வழக்கிற்கு மாறாக, முடிவைக் குறிக்கொள்ளாது ஆண்டுக்கணக்காய் நாள்தோறும் நடந்துவரும் கதைவகை ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதனை அந்நாட்டார் 'சோப் ஆப்பெரா' என்பர். நாம் சோப்பு நாடகம் எனலாம். அவற்றுள் ஒன்றினை எடுத்து, அதன் ஒரு வாரத்து நிகழ்ச்சிகளைக் கொண்டு, அக்கதைவகையின் இயல்பை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பெயர்க் காரணத்தைக் கூறுவாம். 1930ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து வானொலி நிலையம் ஒன்றில், இர்னா பிலிப்ஸ் என்னும் அம்மையார் எழுதிய 'பெயின்டட் டிரீம்ஸ்' என்னும் தொடர் ஒலிபரப்பப்பெற்றது. இவ்வகைத் தொடர்களுக்கு அதனையே முன்னோடியாகக் கூறுவர். பகற்பொழுதில் வீட்டிலிருந்து கேட்போர் பெரும்பாலும் இல்லத்தரசியர். சோப்பு வாங்குவோரும் அவர்களே. ஆகவே, பிராக்டர் அண்டு காம்பிள் முதலிய சோப்பு வணிகர் இத்தொடர்களுக்குப் பொருளுதவி செய்து, இடையிடையே தம் சரக்கின் பெருமையை எடுத்துரைத்தனர். இதுபற்றி ஏளனமாக இட்ட பெயரே நாளடைவில் நிலைத்துவிட்டது. அவ்வம்மையார் 1937இல் தொடங்கிய 'கைடிங் லைட்' என்னும் நாடகம் 1952இல் தொலைக்காட்சியிலும் இடம்பெற்று, 2009ஆம் ஆண்டுவரை நிலவிற்று. பாட்டி கேட்ட கதையைப் பேர்த்தியும் கண்டாள் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இந்நாடகங்களில் ஒரு வாரம் அமையும் முறையைக் காண்போம். திங்கள் முதல் வெள்ளி முடிய ஐந்து நாளும் நாளொரு பகுதியாக நாடகம் வெளிவரும். அதன்கண் உள்ள கதை ஒன்றன்று. ஓர் ஊரில் வாழும் சில குடும்பத்தாரைப் பற்றிய பல கதைகள், பின்னலின் புரிகளைப்போல் மாறிமாறி மேலெழும். ஒன்று முற்றுந் தறுவாயில் இருக்க, மற்றொன்று நடுவிலிருக்கும். வேறொன்று அப்பொழுதுதான் முளைவிடும். தலைமைக் கதையாசிரியர் பல மாதங்களுக்கு வேண்டிய நெடுங்கதையை வகுப்பர். அவர்கீழ்ப் பணிபுரிவோர் அதனை நாள்வாரியாகப் பகுத்து, இன்ன காட்சியில் இன்னார் வருவர் எனக் குறிப்பர். பின்னும் சிலர் உரையாடலை எழுதுவர். வெள்ளிக்கிழமையின் கடைசிக் காட்சி, விடை கூறப்படாத வினாவொன்றோடு நிற்பது வழக்கம். கதவைத் தட்டியவர் யார்? கடிதத்தைப் படித்தவள் என் செய்வாள்? சனியும் ஞாயிறும் அவ்வினாவைச் சுமந்திருந்தோர் திங்கட்கிழமை தவறாது திரும்புவர்.

இந்நாடகத்தைப் புதிதாய்க் காண்போர்க்கு ஒரு குறை தோன்றும். ஒரே செய்தியைப் பலரும் பலரிடத்தும் திரும்பத் திரும்பச் சொல்கின்றனரே என்பர். இதற்குக் காரணங்கள் இரண்டு. இரண்டொரு நாள் காணாது விட்டோர்க்குக் கதைத்தொடர்பு விளங்கவேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று இதனினும் சிறந்தது. ஒரு மகளின் மறைவான துயரத்தைத் தாய் அறியுங்கால் விளைவது ஒன்று. தோழி அறியுங்கால் விளைவது வேறு. கணவன் அறியுங்கால் விளைவது பிறிதொன்று. நிகழ்ச்சி சிறிது, அதனை ஏற்கும் உள்ளங்களோ பல. எனவே, 'என்ன நடந்தது?' என்பதினும், 'நடந்ததை யார் எங்ஙனம் தாங்கினர்?' என்பதே இக்கதைகளின் உயிர்நாடியாகும்.

நிற்க. எடுத்துக்காட்டாக யாம் கொள்ளும் நாடகம் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' என்பது. பிராங்க் ஹர்ஸ்லி, டோரிஸ் ஹர்ஸ்லி என்னும் கணவனும் மனைவியும் ஆக்கிய இது, 1963ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிற்று. போர்ட் சார்ல்ஸ் என்னும் கற்பனை ஊரும், அங்குள்ள மருத்துவமனையுமே இதன் களம். பார்ப்போர் தொகை குறைந்து நாடகம் நின்றுவிடும் நிலை எய்தியபோது, 1978இல் குளோரியா மான்டி என்னும் அம்மையார் தயாரிப்புப் பொறுப்பை ஏற்று, காட்சிகளை விரைவுபடுத்தி, இளைஞர் பாத்திரங்களை முன்னிறுத்தி, அதற்குப் புத்துயிர் அளித்தார். அவ்விளைஞருள் தலைசிறந்தோர் லூக், லாரா என்னும் இருவர். லூக்காக நடித்தவர் அந்தோணி ஜியரி. லாராவாக நடித்தவர் ஜீனி பிரான்சிஸ்.

1981ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் திங்கட்கிழமை. அன்றும் மறுநாளும் லூக்குக்கும் லாராவுக்கும் நடந்த திருமணம் ஒளிபரப்பப்பெற்றது. ஏறக்குறைய 3 கோடி மக்கள் அதனைக் கண்டனர். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்நாடகம் எதற்கும் அத்துணைப் பெருங்கூட்டம் அதற்கு முன்னும் பின்னும் கூடியதில்லை. அதற்குமுன், மிக்கோஸ் கசடைன் என்னும் கொடியவன் ஊர் முழுவதையும் பனியில் உறையச் செய்ய முயன்றதை லூக் தடுத்துப் பெரும்புகழ் எய்தியிருந்தான். ஊரே திரண்ட அம்மணவிழாவில், மாண்ட மிக்கோஸின் மனைவி ஹெலினாவாகத் திரைப்பட நடிகை எலிசபெத் டெய்லர் தோன்றி, மணமக்கள்மீது சாபமிட்டார். லாராவின் முன்னைக் கணவன் ஸ்காட்டி எதிர்பாராது வந்து, மணமகள் வீசிய மலர்ச்செண்டைப் பற்றிக்கொள்ள, மணமகன் அவன்மேற் பாய்ந்தான்.

இவ்வமைப்பை உற்றுநோக்குக. பிற கதைகள் மங்கலம் பாடி முடியும் இடத்திலேயே, இக்கதை அடுத்த துன்பத்திற்கு வித்திடுகின்றது. 1982இல் லாரா துறைமுகத்தருகே காணாமற் போனாள், 1983இலேதான் மீண்டாள். வெள்ளிக்கிழமையின் வினாவைப் போலவே திருமணமும் இங்கு மேற்கொண்டு நடத்தற்குரிய ஒரு படியேயன்றி முற்றுப்புள்ளி அன்று.

ஆனால், அம்மணப்பந்தலின் அடியில் சாபத்தினும் கொடிய ஒன்று புதைந்து கிடந்தது. 1979ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஒரு பகுதியில், அப்போது ஸ்காட்டியின் மனைவியாயிருந்த இளம்பெண் லாராவை, அவள் இசைவின்றி லூக் வன்புணர்ந்தான். பின்னர் அவ்விருவரையும் காதலராக மக்கள் விரும்பத் தொடங்கவே, கதை அக்கொடுமையைக் காதலின் மிகுதிபோலக் காட்டிற்று. இரண்டாண்டு கழித்து நாடே அவர்கள் மணத்தைக் கொண்டாடியது. கொடுமை செய்தவன் வீரனானான், கொடுமை மறக்கப்பட்டது. முடிவுள்ள கதையாயின் அஃது அவ்வாறே நின்றிருக்கும். திருமணத்தின் மேளவொலியில் லாராவின் அழுகை என்றென்றும் அமுங்கியிருக்கும்.

முடிவிலாக் கதையிலோ அங்ஙனம் அமையவில்லை. 1998ஆம் ஆண்டில் அந்நாடகத்தில் எலிசபெத் என்னும் சிறுமி வன்புணர்ச்சிக்கு ஆளானாள். அவளைத் தாங்கித் தேற்றியவன் லூக்குக்கும் லாராவுக்கும் பிறந்த மகன் லக்கி. பிறள் துயரத்தின் ஆழத்தை அருகிருந்து கண்ட அவ்விளைஞன், தன் தந்தை முன்னாளில் தன் தாய்க்குச் செய்த கொடுமையை அறிய நேர்ந்தது. அவன் தந்தையை வெறுத்தான். பத்தொன்பது ஆண்டு பெயரிடப்படாதிருந்த செயலுக்கு அதற்குரிய பெயரை இட்டே லூக்கும் லாராவும் பேசவேண்டியதாயிற்று. நடித்தவர்கள் பழைய இருவரே. அவர்கள் முகத்தில் படிந்த ஆண்டுகளும் மெய்யானவை. 1979இல் அக்காட்சியைக் கண்ட பெண்கள் பலர், 1998இல் தாமும் தாய்மாராய் இருந்து இதனைக் கண்டிருப்பர் அன்றோ!

இதனால் அந்நாடகத்தின் பழைய பிழை நீங்கிற்று என்று யாம் கூறோம். கோடிக்கணக்கானோர் கண்டு மகிழ்ந்தது பிற்காலத்து மன்னிப்பினால் இல்லாததாகிவிடாது. மேலும், மாண்டவர் மீண்டு வருதலும், நம்புதற்கரிய சூழ்ச்சிகளும் இவ்வகை நாடகங்களில் மலிந்துள்ளன என்பதும் உண்மையே. எனினும், நாள்தோறும் தொடரும் கதைக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டென்பது தெளிவு. தான் முன்பு சொன்னதோடு அது கூடி வாழவேண்டும். அதனைக் கேட்பவர் மறவாதிருக்குமட்டும், என்றேனும் ஒருநாள் அது கணக்குக் கொடுத்தே தீரவேண்டும்.

1977ஆம் ஆண்டில் பதினான்கு வயதில் ஜீனி பிரான்சிஸ் ஏற்ற அந்த லாரா என்னும் பாத்திரம், 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்த 15,000ஆவது பகுதியில், போர்ட் சார்ல்ஸ் நகரத் தலைவியாக நின்று ஊராரின் பாராட்டைப் பெற்றது. மூன்று கோடிப் பேர் கண்ட மணவிழாவினும் அக்காட்சியே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. மணக்கோலத்தில் அவள் லூக்கின் கதையில் ஒரு பரிசாக நின்றாள்; நகரத் தலைவியாகவோ, தன் கதைக்குத் தானே உரியவளாய் நின்றாள். இவ்விரு நிலைக்கும் இடையே ஏறத்தாழ நாற்பத்தோராண்டு கழிந்தது. அத்துணைக் காலம் பொறுத்திருக்க வல்லது முடிவிலாக் கதை ஒன்றே. ஆதலின், இத்தகைய நாடகங்களைப் பொழுதுபோக்கென்று இகழ்ந்து ஒதுக்காமலும், காட்டியதையெல்லாம் நன்றென்று ஏற்காமலும், கதை எதை மறக்கச் சொல்கின்றது என்பதை ஊன்றி நோக்குதல் கற்றார்க்குக் கடனாகும்.